கன்ட்ரோல் குழுவுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?

மருத்துவ உளவியல் ஆய்வு முன்மொழிவுகளைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். சிகிச்சையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும்: எத்தனை அமர்வு, ஒவ்வொன்றிலும் என்ன பேசுவது, வீட்டில் என்ன பயிற்சி. கன்ட்ரோல் குழு, அதாவது சிகிச்சை பெறுபவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழு, என்று வந்ததும் ஒரே வரி, "இவர்களுக்குச் சிகிச்சை எதுவும் அளிக்கப்படாது." ஆனால் ஆய்வின் முடிவு என்று நாம் அச்சிடப்போவது இரண்டு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான். அந்த வித்தியாசத்தின் ஒரு பக்கத்தை யோசிக்காமல் விட்டுவிட்டு, மறுபக்கத்தை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

இந்தத் துறை சூடுபட்டுத்தான் இதைக் கற்றது. 1952இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க், பேச்சு சிகிச்சைகளால் பயன் இருப்பதாக நிரூபணம் இல்லை என்று எழுதினார். ஒப்பீட்டுக்கு அவர் புதிதாகக் குழு எதையும் அமைக்கவில்லை. நியூயார்க் மாநில மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியேறியவர்களின் கணக்கு ஒன்று. இயலாமைத் தொகை கேட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, பொது மருத்துவர்களிடம் மட்டும் காட்டிக்கொண்ட 500 பேரின் கணக்கு மற்றொன்று. இரண்டிலும் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தேறியிருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களும் அதைவிட மேலாகத் தேறவில்லை என்பது அவர் வாதம். எதிர்ப்பும் அங்கேயே கிளம்பியது. மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு ஏதோ ஒரு கவனிப்பு கிடைத்தது. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அவர்களுடைய டாக்டர் மருந்தும் ஆறுதலும் கொடுத்தார். "தேறினார்" என்பதற்கு ஓரிடத்தில் வீட்டுக்குப் போனது என்று பொருள், இன்னோரிடத்தில் வேலைக்குத் திரும்பியது என்று பொருள். நோயின் கடுமையும் வேறு வேறு. இரவல் வாங்கிய கன்ட்ரோல் குழுவில் வரக்கூடிய கோளாறுகள் அத்தனையும் அந்த ஒரே கட்டுரையில் இருக்கின்றன. கேள்வி மட்டும் நியாயமானது: ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்?

கணிசமான பேர் தேறியிருப்பார்கள். மனச்சோர்வு ஏறி இறங்கும் நோய்; ஆள் மோசமாக இருக்கும் வாரத்தில்தான் ஓ.பி.க்கு வருகிறார். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பி.எச்.க்யூ-9இல் 15க்குக் குறையாதவர்களை மட்டும் சேர்க்கிறோம் என்றால், அன்றைக்குத் தற்செயலாக எண் கூடியவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். அடுத்த அளவீட்டில் அவர்களுடைய எண் தானாகவே சராசரியை நோக்கி இறங்கும். போதாக்குறைக்கு, ஒருவர் அக்கறையாக உட்கார்ந்து ஒன்பது கேள்வி கேட்பதே சிலருக்கு ஆறுதல். இவை எல்லாம் இரண்டு குழுக்களிலும் சம அளவில் நடந்தால் வித்தியாசத்தில் அடிபட்டுப் போகும். அதற்காகத்தான் கன்ட்ரோல். 'முன்–பின்' அளவீடு மட்டும் உள்ள ஆய்வில் இவை அனைத்தும் சிகிச்சையின் கணக்கில் வரவாகிவிடும்.

காத்திருப்போர் பட்டியல்

ஆய்வு மாணவர்களுக்கு மிகவும் பிடித்த கன்ட்ரோல் இது. செலவில்லை, எல்லாருக்கும் கடைசியில் சிகிச்சை கிடைக்கும் என்பதால் நெறிமுறைக் குழுவும் பெரிதாகக் கேள்வி கேட்காது. சிக்கல் என்னவென்றால், காத்திருப்பது என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் சமமில்லை. "உங்கள் முறை பத்து வாரம் கழித்து" என்று சொல்லப்பட்டவர், தானாக எடுக்க நினைத்த முயற்சியையும் தள்ளிப்போடுகிறார். குடியைக் குறைக்க நினைத்தவர்களிடம் கனடாவில் கன்னிங்ஹாம் குழு நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில், காத்திருப்புப் பட்டியலில் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே குடியைக் குறைத்தார்கள். 2014இல் ஃபுருகாவா குழு மனச்சோர்வுக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காத்திருந்தவர்கள் சிகிச்சையே இல்லாத குழுவினரைவிடவும் பின்தங்கியிருந்தார்கள். அதாவது இந்த கன்ட்ரோல் நம் சிகிச்சையை அதன் உண்மை உயரத்தைவிடப் பெரிதாகக் காட்டும்.

வேறு வழியில்லாமல் இதைத்தான் பயன்படுத்துவது என்றால் சில ஏற்பாடுகள் தேவை. காத்திருக்கும் காலம் சிகிச்சைக் காலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். எட்டு வாரச் சிகிச்சைக்கு எட்டு வாரம், அதற்குமேல் இழுக்கக் கூடாது. வேறு உதவி தேடக் கூடாது என்ற தொனி ஒப்புதல் படிவத்தில் எங்கும் வரக் கூடாது. நடுவில் எங்கே போனார், என்ன மாத்திரை சாப்பிட்டார், எந்தக் கோயிலில் எத்தனை நாள் தங்கினார் என்பதையெல்லாம் இரண்டு குழுக்களிலும் ஒரே கேள்வித்தாளால் கேட்டுக் குறிக்க வேண்டும். இன்னொன்று: காத்திருந்தவர்களுக்குச் சிகிச்சை தொடங்கிய நாளோடு கன்ட்ரோல் குழு கலைந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்தும் பயன் நீடித்தது என்று இந்த வடிவமைப்பை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறார்கள்.

வழக்கமான கவனிப்பு

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யும் ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இதுதான். அங்கே வருகிறவருக்கு இப்போது கிடைக்கும் கவனிப்போடு நம் சிகிச்சையைச் சேர்த்தால் கூடுதல் பயன் உண்டா என்பதே நிர்வாகம் கேட்கும் கேள்வி. ஆனால் "வழக்கமான கவனிப்பு" என்று எழுதுமுன் அது என்ன என்று போய்ப் பார்க்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் வாரம் ஒருநாள் வரும் இடத்தில் அது ஐந்து நிமிடப் பேச்சும் ஒரு மாதத்து மாத்திரையுமாக இருக்கலாம். பக்கத்து ஊரில் மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், வித்தியாசம் சிகிச்சையால் வந்ததா இடத்தால் வந்ததா என்று பிறகு பிரிக்க முடியாது. ஆய்வு தொடங்கும் முன் இரண்டு வாரம் ஓ.பி.யில் உட்கார்ந்து, ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம், என்ன மருந்து, எத்தனை நாளுக்கு, அடுத்த வருகைக்கு உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்வது மிகவும் உதவும்.

அந்தக் கவனிப்பு மிகவும் மெலிந்ததாக இருந்தால் அதைச் சற்று உயர்த்தித் தருவது நெறிமுறைக்கும் நல்லது, ஒப்பீட்டுக்கும் நல்லது. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், பி.எச்.க்யூ-9இல் 14க்கு மேல் இருந்த 495 பேரிடம், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் நடத்திய செயல்பாடு சார்ந்த சிகிச்சையைச் சோதித்தார்கள்; 2017இல் வெளியானது. கன்ட்ரோல் பக்கத்து டாக்டரிடமும் நோயாளியின் மதிப்பெண் தெரிவிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி முறையும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே அங்கே தெரிந்த பயனை "நோயைக் கண்டுபிடித்ததால் வந்த பயன்" என்று யாரும் தள்ளிவிட முடியாது.

இன்னும் அழகான ஏற்பாடு பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் நடந்தது. கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளான 903 தாய்மார்கள், 40 உள்ளாட்சிப் பகுதிகள். சிகிச்சைப் பகுதிகளில் பெண் சுகாதாரப் பணியாளர்கள் அறிவாற்றல் நடத்தை முறையில் பயிற்சி பெற்று வீட்டுக்குப் போனார்கள். கன்ட்ரோல் பகுதிகளிலும் அதே வகைப் பணியாளர்கள் அதே எண்ணிக்கையில் வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பயிற்சி மட்டும் இல்லை. ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள் சிகிச்சைப் பக்கம் 23 சதவீதம், கன்ட்ரோல் பக்கம் 53 சதவீதம். "யாரோ வீட்டுக்கு வந்து பேசியதே போதும்" என்ற ஆட்சேபத்துக்கு அந்த ஆய்வு முன்கூட்டியே பதில் வைத்திருந்தது.

கவனத்தைச் சமப்படுத்துதல்

குறிப்பிட்ட ஒரு நுட்பத்தால்தான் பயன் வந்தது என்று வாதிட விரும்பினால் மேலே சொன்ன எதுவும் போதாது. அந்த நுட்பம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒத்திருக்கும் கன்ட்ரோல் வேண்டும். அமர்வுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நீளம், தனியாகவா குழுவாகவா, சிகிச்சையாளரின் தகுதி, அவருக்குக் கிடைக்கும் மேற்பார்வை, நோயாளி தன் பிரச்சினையைப் பேச இடம் உண்டா என்பது வரை. இதில் கடைசியைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிகிச்சைக் குழுவுக்கு 60 நிமிடம் மனம்விட்டுப் பேச்சு, கன்ட்ரோலுக்கு 20 நிமிடம் சத்துணவு பற்றிய விளக்கம் என்றால் அது கவனச் சமநிலை ஆகாது. பாஸ்கின், வாம்போல்டு குழு 2003இல் காட்டியது இதையே: கன்ட்ரோல் அமைப்பில் ஒத்திருந்த ஆய்வுகளில் சிகிச்சையின் மேலதிகப் பயன் மிகச் சிறியது, ஒத்திராதவற்றில் பெரியது.

நன்றாகச் செய்ததற்கு உதாரணம், அமெரிக்க ராணுவப் பணியில் இருந்த 284 பெண்களிடம் ஷ்னர் குழு நடத்திய ஆய்வு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு ஒரு குழுவினர் பழைய நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை பெற்றார்கள். மற்றவர்கள் இன்றைய வாழ்க்கைச் சிக்கல்களை மட்டும் பேசினார்கள். பழைய சம்பவத்துக்குள் இறங்குவது அங்கே தடை. இரண்டுக்கும் பத்து அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். இவ்வளவு வலுவான கன்ட்ரோலையும் முதல் சிகிச்சை முந்தியது. அந்த முந்துதலின் அளவு சிறிதாக இருந்தாலும் காத்திருப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் பெரிய எண்ணைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இப்படி ஒன்றை அமைக்க கன்ட்ரோலுக்கும் தனிக் கையேடு எழுதுங்கள். செய்ய வேண்டியவற்றோடு, செய்யக் கூடாதவற்றின் பட்டியலும் அதில் இருக்கட்டும்: எண்ணங்களை எழுதவைக்கக் கூடாது, மூச்சுப் பயிற்சி சொல்லித்தரக் கூடாது, வீட்டுப் பயிற்சி தரக் கூடாது என்பதுபோல. அனுமதி பெற்று அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, பத்தில் ஒன்றையாவது வெளியாள் ஒருவர் கேட்டு அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். முதல் அமர்வு முடிந்ததும் இரு குழுக்களிடமும், "இது உங்களுக்கு உதவும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்?" என்று 0 முதல் 10 வரை கேளுங்கள். கன்ட்ரோல் பக்கம் நம்பிக்கை மிகவும் தாழ்ந்திருந்தால் நீங்கள் அளப்பது நுட்பத்தின் பலனை அல்ல, நம்பிக்கையின் பலனை. அதை முதல் பத்துப் பேரிடம் முன்னோட்டமாகப் பார்த்துவிட்டால் திருத்த அவகாசம் இருக்கும்.

இன்னொரு சிகிச்சையையே கன்ட்ரோலாக வைக்கும்போது வேறொரு பொறி உண்டு. 2004 சுனாமிக்குச் சில வாரங்களுக்குள் வடகிழக்கு இலங்கையில் ஒரு முகாமில் 31 சிறுவர்களைப் பிரித்து, ஒரு சாராருக்கு அனுபவங்களைக் கதையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையும் மற்றவர்களுக்குத் தியானம், தளர்வுப் பயிற்சியும் ஆறு ஆறு அமர்வு கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் இரு பக்கமும் பெரும்பாலோர் தேறினார்கள். இரண்டும் வேலை செய்தனவா, அல்லது பேரிடருக்குப் பின் பிள்ளைகள் இயல்பாகத் தேறினார்களா? மூன்றாவதாக ஒரு குழு இல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. முகாமில் தவிக்கும் பிள்ளைகளைச் சும்மா விட்டுவைக்க மனம் வராது என்பது நியாயமே. ஆனால் "இரண்டும் சமம்" என்று எழுத 31 பேர் போதவே போதாது. வித்தியாசம் தெரியவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் வேறு.

அதற்காகச் சிகிச்சையில்லாத குழு வைப்பதே கொடுமை என்று முடிவுகட்டவும் முடியாது. வட இலங்கையில் போரால் பாதிக்கப்பட்ட 399 பள்ளிப் பிள்ளைகளிடம் வகுப்பறையில் 15 அமர்வு நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. முதன்மை அளவுகோல்களில் பொதுவான பயன் எதுவும் தெரியவில்லை. அதிர்ச்சி அறிகுறிகள் பெண் பிள்ளைகளிடம் காத்திருந்த குழுவிலேயே கூடுதலாகக் குறைந்திருந்தன. கன்ட்ரோல் இல்லாதிருந்தால், "பிள்ளைகள் தேறிவிட்டார்கள்" என்று அந்தத் திட்டம் பள்ளி பள்ளியாகப் போயிருக்கும்.

யாரை எந்தப் பக்கம் போடுவது

செவ்வாய் வருகிறவர்கள் சிகிச்சைக்கு, வியாழன் வருகிறவர்கள் கன்ட்ரோலுக்கு என்பது எளிது, தவறும்கூட. செவ்வாய் சந்தை நாளாக இருந்தால் அன்று பஸ் ஏறி வரும் கிராமத்து ஆட்கள் வேறு வகை. டோக்கன் எண் ஒற்றையா இரட்டையா என்று பிரிப்பதும் அப்படித்தான்: அடுத்தவர் எந்தக் குழு என்று பதிவு செய்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. பாவம், ரொம்ப அழுகிறார் என்று ஒருவரை அடுத்த எண்ணுக்குத் தள்ளுவார். கெட்ட எண்ணமே தேவையில்லை, இரக்கம் போதும், ஆய்வு சாய்ந்துவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு லோவாஸ் 1987இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 19 பேருக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி, கன்ட்ரோல் 19 பேருக்கு 10 மணியோ குறைவோ. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டு தீர்மானிக்கவில்லை; பயிற்சியாளர்கள் கிடைப்பதைப் பொறுத்தே அமைந்தது. அந்த ஒரு காரணத்துக்காக அதன் மேல் விழுந்த விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை.

குலுக்கல் வரிசையை ஆய்வில் ஆள் சேர்க்காத ஒருவர் கணினியில் தயாரிக்கட்டும். நான்கு பேர், ஆறு பேர் என்று கலந்த தொகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் இரு குழுக்களுக்கும் பாதிப் பாதி என்று சமப்படுத்தினால் குழுக்கள் ஏறத்தாழ ஒரே அளவில் வளரும். தொகுதியின் அளவு களத்தில் யாருக்கும் தெரியக் கூடாது. ஒளி ஊடுருவாத, வரிசை எண் போட்ட, ஒட்டிய உறைகள் வேண்டும். ஒப்புதல் கையெழுத்தும் முதல் அளவீடும் முடிந்த பிறகு, உறையின் மேல் நோயாளியின் ஆய்வு எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். பாலினம், நோய்க் கடுமை, மையம் என்று அடுக்குகளாகப் பிரிக்க ஆசைப்படுவோம். இரண்டு பாலினம், இரண்டு கடுமை நிலை, மூன்று மையம் என்றால் 12 அடுக்கு. 60 பேர் ஆய்வில் ஓர் அடுக்குக்கு ஐந்து பேர்தான். தொகுதிகள் பாதியில் நின்று சமநிலையே கெடும். சிறிய ஆய்வுக்கு ஓர் அடுக்கு, மிஞ்சினால் இரண்டு.

ஒரே ஊரில் இரண்டு குழுவும் இருந்தால் பயிற்சியின் ஆடியோ மாலைக்குள் வாட்ஸ்அப்பில் கன்ட்ரோல் வீட்டுக்குப் போய்விடும். அப்போது ஊரையோ பள்ளியையோ மொத்தமாகக் குலுக்குவதுதான் வழி. ஆனால் ஒரு பள்ளி சிகிச்சைக்கு, ஒரு பள்ளி கன்ட்ரோலுக்கு என்ற வடிவமைப்பை மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொன்றிலும் நூறு மாணவர்கள் இருந்தாலும் ஒப்பிடப்படுவது ஒன்றும் ஒன்றும்தான். தலைமையாசிரியர் மாறியதால் வந்த வித்தியாசத்தையும் சிகிச்சையின் வித்தியாசத்தையும் அதில் பிரிக்க முடியாது. எண்ணிக்கையும் ஏறும். நடுத்தர அளவுப் பயனை, அதாவது அரை நியமவிலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவில் பாதியை), 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கத் தனிநபர் குலுக்கலில் பக்கத்துக்கு 64 பேர் போதும். ஊருக்கு 20 பேர், ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவைச் சொல்லும் ஒற்றுமைக் கெழு 0.05 என்றால் அதை 1.95ஆல் பெருக்க வேண்டும்: இரு பக்கமும் சேர்ந்த 128 பேர் 250 ஆகிவிடும். வலுவான கன்ட்ரோல் வைத்தால் எதிர்பார்க்கும் வித்தியாசமும் சுருங்கும், 0.3 என்றால் பக்கத்துக்கு 176 பேர். இதில் ஐந்தில் ஒருவர் பாதியில் நிற்பார் என்று வைத்து 220ஆகத் திட்டமிட வேண்டும். காத்திருப்புப் பட்டியல் ஆய்வின் எண்ணை எடுத்து, கவனச் சமநிலை ஆய்வுக்கு ஆள் கணக்குப் போடுவது பார்த்துச் சலித்த பிழை.

கன்ட்ரோலில் குறைவான பேரை வைக்கவும் செய்யலாம். மனச்சிதைவு உள்ளவர்களுக்குச் சமூகம் சார்ந்த பராமரிப்பைத் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவில் சோதித்த ஆய்வில் 187 பேர் சிகிச்சைப் பக்கம், 95 பேர் கன்ட்ரோல். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அதே கண்டறியும் திறனுக்கு மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதல் ஆட்கள் தேவை: 128க்குப் பதில் 144. அது தாங்கக்கூடிய விலை. ஆள் சேர்ப்பதும் எளிதாகும்.

நோயாளிகளையும் நலமானவர்களையும் ஒப்பிடும்போது

சிகிச்சை இல்லாமல், நினைவாற்றலிலோ கவனத்திலோ நோயாளிகள் எப்படி வேறுபடுகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வுகளில் குலுக்கலுக்கு இடமில்லை. கைக்கு எட்டியவர்களைப் பிடித்துப் போடும் வழக்கம் இங்கேதான் அதிகம். எட்டாம் வகுப்பு படித்த 42 வயது விவசாயத் தொழிலாளியை நர்சிங் மாணவியோடு ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசத்தை நோயின் பெயரில் எழுதுவது. நம் ஊரில் அறிவாற்றல் சோதனைகளின் மதிப்பெண்ணைக் கல்வி ஆண்டுகள் பெருமளவு தீர்மானிக்கின்றன. வயதில் ஐந்து ஆண்டு, கல்வியில் இரண்டு ஆண்டுக்குள் பொருத்துவது குறைந்தபட்சம். மனச்சிதைவில் அதுவும் சிக்கல்: 18 வயதில் நோய் வந்து படிப்பு நின்றவருக்குச் சமமாக, நோயில்லாமலே படிப்பை விட்டவரைத் தேடினால் வேறொரு வகை மனிதரைக் கொண்டுவருகிறோம். அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1970களிலேயே எச்சரித்தது இதைத்தான். அங்கே பெற்றோரின் கல்வியைப் பொருத்துவது மேல்.

உடன் வந்த உறவினர் வார்டு வாசலிலேயே இருக்கிறார் என்பதால் அவரையே கன்ட்ரோல் ஆக்குவதும் உண்டு. உடன்பிறந்தவர் என்றால் மரபணுவில் பாதியும் வளர்ந்த வீடும் பொது, வித்தியாசம் மங்கிவிடும். மனைவியோ தாயோ என்றால் பல மாதத் தூக்கமின்மையும் கவலையும் அவர்களிடம் இருக்கும். எலும்பு முறிவுப் பிரிவு, கண் பிரிவு ஆகியவற்றுக்கு வரும் அதே வட்டாரத்து ஆட்கள் இதைவிடப் பொருத்தம். சேர்க்கும் விதிகள் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். கன்ட்ரோலில் மட்டும் வாழ்நாளில் எந்த மன உபாதையும் குடிப்பழக்கமும் குடும்ப வரலாறும் இல்லாதவர்களைப் பொறுக்கி எடுத்தால், நோயோடு தொடர்பே இல்லாத வித்தியாசங்கள் எல்லாம் நோயின் அடையாளமாகத் தெரியும்.

நடுவில் கவனிக்க வேண்டியவை

அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. நோயாளியே, "நீங்க சொல்லிக்கொடுத்த டைரி எழுதுறேம்மா" என்று போட்டு உடைத்துவிடுவார். எந்தக் குழு என்று சொல்ல வேண்டாம் என்று அளவீட்டுக்கு முன்னால் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உடைந்தால் குறித்து வைத்து அடுத்த அளவீட்டுக்கு ஆள் மாற்ற வேண்டும். கன்ட்ரோல் பக்கம் வருகை குறைவதும் இயல்பு: வந்தால் என்ன கிடைக்கப்போகிறது? பஸ் கட்டணம் இரு குழுக்களுக்கும் ஒன்றாகத் தருவது, போனில் அளவீடு எடுக்க ஏற்பாடு செய்வது, விலகியவரையும் தேடி இறுதி அளவீடு எடுப்பது ஆகியவற்றுக்குத் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்குங்கள். விலகியவர்களும் குலுக்கலில் விழுந்த குழுவிலேயே கணக்கிடப்பட வேண்டும்.

பி.எச்.க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. கன்ட்ரோலில் ஒருவர் அதற்கு ஆம் என்று சொன்னால் அன்றே யார் பேசுவது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது, குடும்பத்தில் யாருக்குச் சொல்வது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸின் எண் 14416ஐக் கையில் கொடுத்து அனுப்புவது கூடுதல் உதவி. அதுவே ஏற்பாடு ஆகிவிடாது. ஒப்புதல் படிவத்தில், எந்தக் குழுவில் விழுந்தாலும் இப்போது சாப்பிடும் மாத்திரை நிற்காது என்பதையும், குழுவைச் சீட்டுதான் தீர்மானிக்கிறது, டாக்டர் அல்ல என்பதையும் நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். முதல் ஆளைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பிந்திய பதிவை ஏற்பதில்லை. கன்ட்ரோல் குழுவுக்கு என்ன கொடுக்கப்படும் என்று அங்கே எழுதுவது பிறகு மாற்ற முடியாத சாட்சி.

அறிக்கையில் கன்ட்ரோலுக்கும் தனி அட்டவணை போடுங்கள்: யார் சந்தித்தார்கள், சராசரியாக எத்தனை முறை, எத்தனை நிமிடம், எத்தனை பேருக்கு மருந்து மாறியது, எத்தனை பேர் வெளியே வேறு உதவி பெற்றார்கள், எத்தனை பேருக்குச் சிகிச்சைப் பக்கத்துப் பயிற்சி கசிந்தது. தொடக்க நிலையில் குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசத்தை முக்கியத்துவச் சோதனையால் (வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) அளக்க வேண்டாம். எண்ணை அப்படியே கொடுங்கள். தீக்காயம் பட்டவர்களுக்கு ஒருமுறை பேசவைக்கும் சிகிச்சையைப் பிஸ்ஸன் குழு 1997இல் சோதித்தபோது, 13 மாதத்தில் அதிர்ச்சி நோய் இருந்தவர்கள் பேசியவர்களில் 26 சதவீதம், கன்ட்ரோலில் 9 சதவீதம். அந்தப் பேச்சு தீங்கு செய்ததா, அல்லது அந்தப் பக்கம் விழுந்தவர்கள் தொடக்கத்திலேயே கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்களா என்று இன்றும் விவாதிக்க முடிகிறது என்றால், தொடக்க எண்களை அவர்கள் மறைக்காமல் அச்சிட்டதுதான் காரணம்.